தலையிடுவதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல்

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் விவசாயிகள், ‘அரசு தலையிட வேண்டும்’ என்பார்கள். அதே ஊரிலிருந்து சிப்காட்டுக்குப் போகும் பையன் ஷிஃப்ட் முடிந்து வந்து அண்ணனிடம், ‘என் விஷயத்துல தலையிடாதண்ணா’ என்பான். தமிழில் ஒரே சொல். சொல்கிற இடத்தை வைத்து அர்த்தம் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி விடமாட்டார்கள். விவசாயி கேட்பது இன்டர்வீன், தம்பி வேண்டாமென்பது இன்டர்ஃபியர்.

இதை மாற்றிப் போட்டு நான் அடிபட்டிருக்கிறேன். ஓசூரில் ஒரு வெண்டார் கம்பெனியில் லைன் லீடராக இருந்த காலம். ஒரு லாட் தப்பாகப் போக இருந்ததைக் க்வாலிட்டிக்காரர் பிடித்து லைனை நிறுத்தினார். நன்றி சொல்லி மெயில் போட்டேன். அதில் ‘க்வாலிட்டி டீம் இன்டர்ஃபியர்டு’ என்று எழுதிவிட்டேன். மேனேஜர் தமிழ் தெரியாதவர். ‘வேலையைச் செய்தவர்மேல் புகாரா?’ என்று கேட்டார். விளக்கம் சொல்லவே இரண்டு நாள் போயிற்று.

ஓசூர் லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நான்கும் ஓடும். நேரில் பேசினால் முகமும் கையும் மீதியைச் சொல்லிவிடும். மெயிலில் சொல் மட்டும்தான் நிற்கும். அப்ரைசல் வரும்போது எடுத்துப் பார்ப்பதும் அந்த மெயிலைத்தான். அதனால் சில வினைச்சொற்களைக் கையில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

1. இன்டர்ஃபியர். ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும், ‘இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்’ ஞாபகம் வருகிறதா? ஓட்டையைவிட ஷாஃப்ட் சில மைக்ரான் பெரிது. தானாக இறங்காது, பிரஸ்ஸில் வைத்து அழுத்தியோ, சூடாக்கியோதான் ஏற்ற வேண்டும். மனிதர்களிடத்திலும் அதே அர்த்தம்தான்: இடமில்லாத இடத்தில் உரசிக்கொண்டு நுழைவது. ஒருவர் நல்லது செய்ய உள்ளே வந்தால் இன்டர்வீன், அல்லது இன்னும் எளிதாக ‘ஸ்டெப்டு இன்’ என்று எழுதுங்கள்.

2. இன்டரப்ட். பேச்சிலோ வேலையிலோ குறுக்கிடுவதற்கு. மீட்டிங்கில் பேச வேண்டுமென்றால் எதிராளி வாக்கியத்தை முடிக்கட்டும். பிறகு ‘மே ஐ ஆட் எ பாயின்ட்?’ என்று கேளுங்கள். வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் உங்கள் பாயின்ட்டைப் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லிப் பேர் வாங்கிக்கொள்வார்.

3. எஸ்கலேட். நம் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இந்தச் சொல்லுக்குத்தான். ‘போட்டுக் கொடுக்கிறது’ என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். அது தப்பு. போட்டுக் கொடுப்பது முதுகுக்குப் பின்னால் நடப்பது. எஸ்கலேட் செய்வது எதிராளிக்குத் தெரிந்தே நடப்பது. முதலில் அவரிடமே கேளுங்கள். பதில் இல்லையென்றால், ‘இதை சார் பார்வைக்குக் கொண்டுபோகிறேன்’ என்று சொல்லிவிட்டு, அவரையும் சிசியில் வைத்து அனுப்புங்கள். வாக்கியத்தை ஆளை வைத்துத் தொடங்காதீர்கள், பொருளை வைத்துத் தொடங்குங்கள். ‘ஸ்டோர்ஸ்காரர் மெட்டீரியல் தரவில்லை’ என்றால் சண்டை. ‘10 மணிக்கு வர வேண்டிய மெட்டீரியல் 11.30 வரை வரவில்லை, லைன் நிற்கிறது’ என்றால் தகவல். லைன் நின்ற பிறகு ‘நான் அப்போதே வாயால் சொன்னேன்’ என்பவரை யாரும் நம்பப்போவதில்லை. மெயில் போட்டவர் தப்பித்துக்கொள்வார்.

4. வார்ன், டிமாண்ட், ஆர்க்யூ. உங்களுக்குக் கீழே வேலை செய்யாதவரிடம் இவை மூன்றும் வேண்டாம். ரிமைண்ட், ரிக்வெஸ்ட், டிஸ்கஸ் போதும். (டிஸ்கஸுக்குப் பின்னால் அபவுட் வராது.)

5. டார்ச்சர். டீக்கடையில் சொல்லுங்கள், இன்டர்வியூவில் சொல்லாதீர்கள். அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில் போய் உட்கார்ந்து, ‘பழைய கம்பெனியை ஏன் விட்டீர்கள்?’ என்ற கேள்விக்கு ‘சூப்பர்வைசர் டார்ச்சர் பண்ணினார்’ என்றால், அடுத்து நம்மையும் இப்படித்தான் சொல்வார் என்று அந்தப் பக்கம் கணக்குப் போட்டுவிடுவார்கள். உண்மையிலேயே கொடுமை நடந்திருந்தாலும், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘மூன்று மாதம் வார விடுமுறை கிடைக்கவில்லை.’ அந்த ஒரு வரிக்கு எதிரில் இருப்பவரே தலையாட்டுவார்.

இன்றிரவு உங்கள் சென்ட் பாக்ஸைத் திறவுங்கள். கடைசி 20 மெயிலில் இன்டர்ஃபியர், வார்ன், டிமாண்ட் மூன்றையும் தேடிப் பாருங்கள். கிடைத்தால், அந்த மெயிலுக்கு எதிராளி என்ன பதில் எழுதினார், யாரையெல்லாம் சிசியில் சேர்த்தார் என்றும் பாருங்கள்.