பேரேடும் பிள்ளையின் ஏடும்

தவணை குறித்துக் கொடுக்கும் கடனை எழுதி வைக்குமாறு திருமறையின் 2-வது அத்தியாயம், 282-வது வசனம் நம்மைப் பணிக்கிறது. எழுத்தின் அருமையை வியாபாரிகளாகிய நாம் நன்கறிவோம். ஆனால் நம் பிள்ளைகளின் தமிழ் எழுத்து இன்று எந்நிலையில் இருக்கிறதென்று கவனித்தோமா?

கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழ்ச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. மாணவன் ஒன்றைத் தொட்டுவிடுகிறான். 'கறி' வேண்டிய இடத்தில் 'கரி' வந்துவிடுகிறது. 'விலை' 'விளை' ஆகிறது. கருவி அதைப் பிழையென்று காட்டுவதில்லை. இரண்டுமே தமிழ்ச் சொற்கள் அல்லவா? பேனா பிடித்துப் பரீட்சை எழுதும்போதோ அந்த வரிசையும் இராது.

இதற்காகக் கருவியைப் பழிப்பது முறையன்று. எழுதியதை அழித்துத் திருத்தவும், ஊரிலுள்ள உறவினருக்கு நொடியில் மடல் அனுப்பவும் அது உதவுகிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அறிவிக்கப்பட்ட 'தமிழ்99' விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளையே தட்டலாம். 'க'வைத் தட்டி 'ஆ'வைத் தட்டினால் 'கா' வரும். அதில் 'ர' வேறு, 'ற' வேறு. வேற்றுமையை விரலே கற்றுக்கொள்கிறது.

ஆகவே, வீட்டிலுள்ள கைப்பேசியில் இம்முறையை அமைத்துக் கொடுப்போம். மஃரிபு தொழுகைக்குப் பின் பத்து வரியேனும் கையால் எழுதச் சொல்லி, நாமே படித்துப் பார்ப்போம். பேரேட்டைப் புரட்ட நேரமுள்ள நாம், பிள்ளையின் ஏட்டைப் பார்க்க நேரமில்லை என்று சொல்லலாமா?