பல்சக்கரம் சொல்லும் பாடம்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சைக்கிளுக்குப் புதுச்செயின் மட்டும் மாட்டினோம். தோணிரேவுச் சாலையில் அது நழுவ, அப்பாவின் மீன்கூடை மண்ணில் கவிழ்ந்தது. காரணம் என்ன?

செயினின் ஆணிகளுக்கிடையே தூரம் அரை அங்குலம். மணலும் உப்புக்காற்றும் ஆணிகளைத் தேய்க்க, செயின் நீள்கிறது. நீண்ட செயின் பற்களை அரித்துச் சுறாத்துடுப்புப் போல் வளைக்கிறது. அவற்றில் புதுச்செயின் பொருந்தாது.

முன்பல்சக்கரத்தில் 44, பின்பல்சக்கரத்தில் 18 பற்கள் எனில், பெடல் ஒருமுறை சுற்றப் பின்பற்கள் ஏறக்குறைய இரண்டரை முறை உழைக்கின்றன. ஆகவே அவையே முதலில் தேயும்.

தோழியரே, அளவுகோலால் அளப்போம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியதுமே செயினை மாற்றினால் பற்கள் பிழைக்கும். 1/8 கூடும்வரை விட்டால் பல்சக்கரத்துக்கும் செலவு. வாரந்தோறும் துடைத்து எண்ணெயிடுவோம், வருமுன் காப்போம்!