ஊருக்கேற்ற வாசனை: வாங்கும்முன் சில குறிப்புகள்

ஜவ்வாது மலைச் சந்தனம் திருப்பத்தூர் அரசுக் கிடங்கில் ஏலம் போய், வெளியூர்களுக்கெல்லாம் மணம் பரப்பியது. நம் மூக்குக்குச் சந்தனமும் மல்லிகையும் பிடிக்கும். வளைகுடா நாடுகளிலோ அகிலும் ரோஜா அத்தரும் தூக்கலாக வேண்டும். ஜப்பானியர் பலர் பக்கத்தில் இருப்பவரை உறுத்தாத மென்மணத்தையே விரும்புகிறார்கள்.

● சந்தனக்கட்டையில் எண்ணெய் இருப்பது வைரம் பாய்ந்த நடுப்பகுதியில்தான். வெளிறிய மேல்மரத்தில் மணம் இருக்காது. கல்லில் நீர்விட்டு உரசிப் பார்த்து வாங்குங்கள்.

● லேபிளைப் படியுங்கள். 'ஓ டி பர்ஃப்யூம்' வகையில் வாசனை எண்ணெய் சுமார் 15-20%, 'ஓ டி டாய்லெட்' வகையில் 5-15%, கொலோனில் 2-4% இருக்கும். கோடைக்கும் நெருக்கமான அலுவலகத்துக்கும் கடைசி இரண்டே போதும்.

● மணிக்கட்டில் தடவி அரை மணி நேரம் பொறுங்கள். முதலில் எழும் எலுமிச்சை மணம் அடங்கிய பிறகுதான் சந்தனம், அகில் போன்ற அடிமணம் தெரியும்.

● ஜவ்வாதுப் பொடி ஒரு சிட்டிகை போதும். புதிதாகப் பூசுபவர்கள் முழங்கையின் உட்புறத்தில் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

● குளியலறையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். வெப்பமும் வெளிச்சமும் மணத்தைக் கெடுக்கும்.

● வெளிநாட்டு உறவினருக்குப் பரிசா? பன்னாட்டு விமானங்களில் பொதுவாக 100 மி.லி.க்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் வையுங்கள்.