வார்டில் கேட்ட ‘கெட்’

நாகர்கோவிலில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நர்ஸுகள். பிரிட்டன் வேலைக்காக ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறவர்கள். அவர்களுடைய நோட்டைப் புரட்டினால், ‘கெட்’ என்ற சொல்லுக்கு எதிரே ரிசீவ், அப்டெய்ன், அக்வயர், பிகம், அண்டர்ஸ்டாண்ட் என்று வரிசையாக எழுதியிருக்கும். எல்லாம் சரியான பொருள்தான். ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் நம்பி வார்டுக்குள் போனால் நோயாளி சொல்வதில் பாதி காதில் விழுந்தும் புரியாது. பர்மிங்ஹாமில் நான் வேலை பார்த்த வருஷங்களில் வயதானவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் கெட்டில்தான் வந்தது.

‘ஐ காண்ட் கெட் டு ஸ்லீப்’ என்றால் தூக்கம் வரவில்லை. ‘இட்ஸ் கெட்டிங் வர்ஸ்’ என்றால் வலி கூடிக்கொண்டே போகிறது. இவை எளிது. ‘ஐ கெட் அப் எ லாட் இன் த நைட்’ என்று ஒரு முதியவர் சொன்னால், பெரும்பாலும் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுகிறார் என்று பொருள். சர்க்கரையா, புரோஸ்டேட் வீக்கமா என்று மனம் அங்கே போக வேண்டும். ‘ஐ டோன்ட் கெட் அபவுட் மச் நவ்’ என்பதற்கு முன்போல நடமாட முடியவில்லை என்று அர்த்தம். இவர் தடுமாறி விழக்கூடுமா என்று பார்க்க வேண்டும். ‘இட்ஸ் கெட்டிங் மீ டவுன்’ என்று மெல்லிய குரலில் ஒருவர் சொன்னால், கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மனசு உடைந்துபோய் இருக்கிறது என்று சொல்கிறார்.

இன்னொன்று: ‘ஐ காட் மை நீ டன் லாஸ்ட் இயர்.’ போன வருஷம் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டார். நம் ஊரில் ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதைக் கேட்கும் வெள்ளைக்காரர் நாமே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கொண்டோம் என்று நினைப்பார். பிறரைக் கொண்டு செய்துகொண்ட வேலைக்கு ‘காட் மை ஹேர் கட்’ என்று சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கும் இதே அமைப்புதான்: ‘காட் மை பிளட் டெஸ்ட் டன்.’

“மேடம், இவ்வளவையும் எப்பிடி மனப்பாடம் பண்றது?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“அடி வாங்கினான், மார்க் வாங்கினான், திட்டு வாங்கினான்னு சொல்றோம்லம்மா, இதையெல்லாம் நீ எங்க மனப்பாடம் பண்ணின?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “மூச்சு வாங்குதுன்னும் சொல்றோமே மேடம்” என்றாள். எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. மூச்சு முட்டும்போது ஆங்கிலேயர் சொல்வதும் ‘ஐ காண்ட் கெட் மை ப்ரெத்’ என்றுதானே!

தமிழில் ‘வாங்கு’ என்ற சொல்லை நாம் தனியாகக் கற்றுக்கொள்ளவில்லை. அடியோடும் மார்க்கோடும் மூச்சோடும் சேர்த்தே காதில் வாங்கினோம். கெட்டையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். நோட்டில் சொல்லுக்கு எதிரே சொல் எழுதாமல் முழு வாக்கியமாக எழுதிவைக்கச் சொல்கிறேன். அதை யார், எந்த நிலையில் சொல்வார் என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அப்படியானால் ரிசீவும் அப்டெய்னும் வீணா? இல்லை, அவற்றின் இடம் காகிதம். கெட் என்பது வைக்கிங்குகளோடு ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த சொல். ரிசீவ், அப்டெய்ன் போன்றவை லத்தீன் வேர் கொண்டவை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழியாக வந்து படிந்த சொற்கூட்டத்தைச் சேர்ந்தவை. நீதிமன்றமும் அரண்மனையும் பல தலைமுறை பிரெஞ்சு பேசியதால் அந்தச் சொற்களில் இன்றும் அலுவலக வாடை இருக்கிறது. ஓ.இ.டி. தேர்வே இதைப் பிரித்துக் காட்டுகிறது. எழுத்துப் பகுதியில் 45 நிமிடத்தில் ஒரு கடிதம். பேச்சுப் பகுதியில் நோயாளியோடு பேசுவதுபோல இரண்டு ரோல்ப்ளே. நோயாளி ‘ஐ காட் எ ராஷ்’ என்பார், கடிதத்தில் அது ‘டெவலப்ட் எ ராஷ்’ ஆகும். மருந்து ‘ரிசீவ்ட்’, சம்மதம் ‘அப்டெய்ன்ட்’. மருத்துவமனையில் தொற்றிக்கொண்ட நோய்க்கு ‘ஹாஸ்பிடல் அக்வயர்ட்’ என்றே பெயர். இந்தச் சேர்க்கைகளை மாற்றிப் போட முடியாது. காய்ச்சலை யாரும் ‘அப்டெய்ன்’ செய்வதில்லை. ரோல்ப்ளேயில் போய் ‘வென் டிட் யூ அக்வயர் த பெயின்’ என்று கேட்டால், எதிரே இருப்பவருக்கு ஏதோ அரசாங்கப் படிவம் பேசுவதுபோல இருக்கும்.

‘காட்’ என்றதும் இறந்தகாலம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ‘ஹேவ் யூ காட் எனி பெயின்?’ என்றால் இப்போது வலி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ‘ஐ’வ் காட் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது.

பேசும்போது கைகொடுக்கும் ஒரு வாக்கியத்தையாவது பழகிக்கொள்ளுங்கள்: ‘ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன் வித் த டேப்லட்ஸ்?’ மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால் பலரும் ஆமாம் என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். இப்படிக் கேட்டால் மனதில் இருப்பது வெளியே வரும். ‘ஐ காண்ட் கெட் ஆன் வித் தெம்’ என்று பதில் வந்தால், அது நாம் சொல்லும் ‘ஒத்துக்கல’தான். குமட்டலா, தலைசுற்றலா, மலச்சிக்கலா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.