சினை மாட்டுக்கு ஊசி, கன்றுக்குக் கவசம்

தஞ்சை மாவட்டக் கிராமங்களில் பசு ஈன்றதும், "இளங்கொடி விழட்டும், பிறகு கன்றை ஊட்டவிடலாம்" என்று காத்திருக்கும் வழக்கம் இன்றும் சில வீடுகளில் உள்ளது. சீம்பாலைக் கறந்து அண்டை வீடுகளுக்கும் கொடுத்து விடுகிறார்கள். இதனால் கன்று இழப்பது வெறும் பாலை அல்ல. நோயைத் தாங்கும் சக்தியை.

மனித இனத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகவே சேய்க்குச் சென்றுவிடும். கர்ப்பிணிக்குப் போடும் ரண ஜன்னி ஊசி பிறக்கும் குழந்தையையும் காப்பது இதனால்தான். பசு, எருமை, ஆடுகளில் நஞ்சுக்கொடியின் அமைப்பு வேறு. அவற்றின் கன்று, குட்டிகள் எதிர்ப்புச் சக்தி ஏறத்தாழ ஏதுமின்றியே பிறக்கின்றன. சீம்பால் ஒன்றே வழி.

சினைக்காலத்தில்

ஈனுவதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்பிருந்தே எதிர்ப்புப் பொருள்கள் இரத்தத்திலிருந்து மடிக்கு இறங்கத் தொடங்கும். ஊசி போட்டபின் சக்தி உருவாக இரண்டு, மூன்று வாரமாகும். ஆகவே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரி ஊசியைத் தவறவிடக்கூடாது. இது செயலிழந்த கிருமியைக் கொண்டு தயாரிப்பது. சினையைக் கலைக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நிறைமாதச் சினை மாட்டை விரட்டிப் பிடித்து அலைக்கழிப்பது தவறு. சினை மாதத்தை மருத்துவரிடம் முன்பே சொல்லி, அவர் யோசனைப்படி நடக்கவேண்டும். வெள்ளாடு, செம்மறிகளுக்குத் துள்ளுமாரி ஊசியை ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு போடுவது நலம்.

கன்று வீச்சு நோய்க்கான உயிருள்ள தடுப்பூசியைச் சினை மாட்டுக்குப் போடவே கூடாது. அது 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு மட்டுமே உரியது.

ஈன்ற பின்

இளங்கொடிக்குக் காத்திராமல், மடியைக் கழுவி, ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டவிடவேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் தேவை. 25 கிலோ கலப்பினக் கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்திலேயே சேரவேண்டும். ஆறு மணி நேரத்துக்குப் பின் குடல் இச்சக்தியை ஈர்ப்பது குறைந்து, 24 மணி நேரத்தில் அறவே நின்றுவிடும். கன்று வயிறாரக் குடித்தபின் எஞ்சுவதே அண்டை வீட்டுக்கு. தாய் இறந்துவிட்டால் புதிதாக ஈன்ற வேறு பசுவின் சீம்பாலைப் புகட்டலாம்.

தாய் தந்த காப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடும். நான்காவது மாதத்தில் கன்றுக்கு முதல் கோமாரி ஊசியும், ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசியும் போடவேண்டும்.

ஊசி போட்ட தேதியைக் கொட்டில் சுவரில் எழுதி வையுங்கள். சினை மாட்டுக்குக் காலத்தில் போட்ட ஊசியும், கன்று காலத்தில் குடித்த சீம்பாலும் சேர்ந்தால்தான் காப்பு முழுமை பெறும்.