தினமும் எடை பார்க்கிறார்களா?

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. தளர்ந்த இதயம் போதிய இரத்தத்தைச் செலுத்த முடியாமல், உடலில் நீர் தேங்குகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-இல் இந்நோயோடு மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஓராண்டுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர் இறந்தனர். ஆகவே டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் கூடுதல் கவனம் தேவை.

தேங்கும் நீரை எடை மெஷின் காட்டிவிடும். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மெஷினில் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினாலோ, கால் வீங்கினாலோ அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிள்ளைகள் பிரான்சிலோ வளைகுடாவிலோ இருக்க, பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கட்டிடத்தையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். கேட்க வேண்டியவை:

1. எடை நோட்டு உண்டா?
2. எடை கூடினால் டாக்டரை அழைக்கும் பொறுப்பு யாருடையது? இரவில் நர்ஸ் இருக்கிறாரா?
3. கருவாடு, ஊறுகாய், அப்பளம் தவிர்க்கப்படுகின்றனவா?
4. டாக்டரைக் கேளாமல் மூட்டுவலி மாத்திரை தருகிறார்களா? அவற்றில் பல, நீரைத் தேக்கும்.

வெளிநாட்டிலிருப்போர் வாரந்தோறும் நோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம்.

நீர் மாத்திரை சாப்பிடுவோர் நோன்பு வைக்குமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

குருசுக்குப்பத்தில் பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்போரும் நாளைக் காலையே எடை நோட்டைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.