ஊரடங்கில் கரண்ட் பில் ஏன் ஏறியது? வீட்டு மீட்டரைப் படிக்க ஒரு பாடம்



2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு தொடங்கியபோது நமது அறக்கட்டளைக்கு வந்த கோரிக்கைகள் அரிசி, பருப்பு, மருந்து பற்றியவை. அந்த ஜூலையில் வந்தவர்கள் பலர் கையில் கரண்ட் பில்லோடு வந்தார்கள். ஆட்டோ ஓட்டுபவர், ஜி.எஸ்.டி. சாலையில் நடைபாதைக் கடை வைத்திருப்பவர், சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் தினக்கூலிக்குப் போகும் சகோதரி என்று வருமானம் நின்றுபோனவர்களே இவர்களில் அதிகம். "வேலை இல்லாமல் வீட்டில் சும்மா இருந்தோம், பில் மட்டும் எப்படி மூன்று மடங்கு?" என்பதே எல்லோருடைய கேள்வி. வீட்டில் இருந்ததுதான் முதல் காரணம். அதோடு வெயிலும், மின்வாரியத்தின் கட்டண அடுக்கும் சேர்ந்துகொண்டன. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எது நம் கையில் இருக்கிறது என்பது தெளிவாகும்.

1. யூனிட் என்றால் என்ன?

ஆயிரம் வாட் சாதனம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நூறு வாட் சாதனம் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். ஆகவே கவனிக்க வேண்டியவை இரண்டு: சாதனம் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடுகிறது.

வீடுகளில் அடிக்கடி திட்டு வாங்கும் மொபைல் சார்ஜரை எடுத்துக்கொள்வோம். ஒரு போனை இரண்டு மாதம் தினமும் முழுதாகச் சார்ஜ் செய்தாலும் மொத்தம் ஒரு யூனிட் அளவுதான் வரும். மிக்ஸி 500 முதல் 750 வாட் வரை இருந்தாலும் ஓடுவது தினம் பத்து நிமிடம். இவற்றால் பில் ஏறுவதில்லை. நாள் முழுவதும் சத்தமில்லாமல் ஓடும் ஃபேன், ஃப்ரிட்ஜ், வாட் அதிகமுள்ள ஏசி, தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி ஆகியவையே பில்லைத் தீர்மானிக்கின்றன.

2. பகலிலும் நிறைந்திருந்த வீடு

தொழிற்சாலைகள், அலுவலகங்கள், மின்சார ரயில்கள் நின்றதால் ஏப்ரல் மாதத்தில் நாட்டின் மொத்த மின் தேவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. வீடுகளில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கச் சொன்னார்கள் அல்லவா? அப்போது 12,000, 13,000 மெகாவாட் குறையும் என்று மின்துறை கணித்திருந்தது. குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கு மேல். வீட்டு விளக்குகள் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு என்பதை அன்று நாடே பார்த்தது.

இப்போது நம் பகுதியில் ஏசி இல்லாத ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு பெரியவர். முன்பு காலை ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் பெரியவரும் தாயாரும் மட்டும் இருப்பார்கள். இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் ஓடியது என்று வைப்போம். ஊரடங்கில் ஆறு பேரும் முழு நாளும் வீட்டில். இரண்டு மாதத்தில் கூடியது எவ்வளவு?

- மூன்று ஃபேன் (ஒவ்வொன்றும் 75 வாட்), தினம் 8 மணி நேரம் கூடுதலாக: 108 யூனிட்
- டி.வி. (60 வாட்), தினம் 6 மணி நேரம் கூடுதலாக: 22 யூனிட்
- தண்ணீர் மோட்டார், தினம் அரை மணி நேரம் கூடுதலாக: 30 யூனிட்
- அடிக்கடி திறந்து மூடிய ஃப்ரிட்ஜ்: 18 யூனிட்
- மூன்று எல்.இ.டி. டியூப் லைட், இரவில் 4 மணி நேரம் கூடுதலாக: 14 யூனிட்

மொத்தம் 192. ஆக 340 யூனிட் 532 ஆகிவிட்டது. புதிதாக எந்தச் சாதனமும் வாங்கவில்லை, யாரும் வீணாக்கியதாக நினைக்கவும் இல்லை. இதில் பாதிக்கு மேல் ஃபேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், மேடவாக்கம் பக்கம் பெரும்பாலான வீடுகள் போர் தண்ணீரை நம்பியிருப்பவை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். கை கழுவுவதும் துணி துவைப்பதும் கூடிய அந்த நாட்களில் மோட்டார் கூடுதலாக ஓடியது இயல்புதான். ஆனால் மாடித் தொட்டி நிரம்பி வழிவதும் ஃப்ளஷ் டேங்க் கசிவதும் தண்ணீரோடு கரண்டையும் சேர்த்தே வீணாக்குகின்றன. ஒளூச் செய்யும்போதும் வீண்விரயம் கூடாது என்று கற்றவர்கள் நாம்.

3. வெயிலும் ரமலானும்

2020இல் ரமலான் நோன்பு ஏப்ரல் 25இல் தொடங்கி, மே 25இல் பெருநாள் வந்தது. அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை. பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் தராவீஹ் தொழுகை வீட்டிலேயே நடந்தது. பள்ளிவாசலில் ஒரே கூரையின் கீழ் எல்லோருக்கும் ஓடும் ஃபேனும் விளக்கும் அந்த முறை வீட்டுக்கு வீடு ஓடின. சஹர் வரை விழித்திருந்த வீடுகளும் பல. இஃப்தாருக்குக் குளிர்ந்த நீர், சர்பத், மிச்சமான கஞ்சி என்று ஃப்ரிட்ஜுக்கும் வேலை கூடியது. வெளியில் சூடு ஏற ஏற ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும். சூடு ஆறாத பாத்திரத்தை உள்ளே வைத்தால் இன்னும் அதிகம்.

ஏசி உள்ள வீடுகளின் கணக்கே வேறு. ஒன்றரை டன் ஏசிக்கு மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் என்று வைத்தாலும், இரவு 8 மணி நேரம் வீதம் 60 நாளில் 480 யூனிட். மேலே சொன்ன வீட்டில் இதையும் சேர்த்தால் 1,012 யூனிட். 2020 கட்டணப்படி பில் 5,000 ரூபாயைத் தாண்டும். ஓ.எம்.ஆர். கம்பெனிகளின் வேலையை வீட்டிலிருந்து செய்த பிள்ளைகளுக்காகப் பகலிலும் ஏசி ஓடிய வீடுகளில் இதற்கும் மேல் வந்திருக்கும். ஏசியை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுவதும் இதனால்தான். 26இல் வைத்து மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது.

4. 500 என்ற சுவர்

பயன்பாடு ஒன்றரை மடங்கு கூடினால் பில்லும் ஒன்றரை மடங்குதானே ஆக வேண்டும்? ஆகாது. வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அதற்கு மேல் 2020இல் இருந்த கட்டணம் இது:

- 200 யூனிட் வரை ஓடிய வீடு: 101 முதல் யூனிட்டுக்கு ரூ.1.50. நிலைக்கட்டணம் ரூ.20.
- 500 யூனிட் வரை ஓடிய வீடு: 101 முதல் 200 வரை ரூ.2, அதற்கு மேல் ரூ.3. நிலைக்கட்டணம் ரூ.30.
- 500ஐத் தாண்டிய வீடு: 101 முதல் 200 வரை ரூ.3.50, 201 முதல் 500 வரை ரூ.4.60, அதற்கு மேல் ரூ.6.60. நிலைக்கட்டணம் ரூ.50.

500ஐத் தாண்டியதும் அதற்கு முந்தைய யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து உயர்ந்தது. 500 யூனிட் ஓடினால் அன்று ரூ.1,130. 501 ஓடினால் ரூ.1,786.60. அந்த ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு!

நம் உதாரண வீட்டுக்கு வருவோம். 340 யூனிட்டுக்கு ரூ.650 கட்டியவர்கள் 532 யூனிட்டுக்கு ரூ.1,991.20 கட்ட வேண்டியிருந்தது. பயன்பாடு ஒன்றரை மடங்கு, பில் மூன்று மடங்கு. எல்லோரும் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

இதே வீட்டில் பகலில் எல்லோரும் இரண்டு அறையில் இருந்துகொண்டு, ஒரே ஒரு ஃபேனை 8 மணி நேரம் நிறுத்தியிருந்தால்? இரண்டு மாதத்தில் 36 யூனிட் குறைந்து 496 ஆகியிருக்கும். பில் ரூ.1,118. ஒரு ஃபேனால் 873 ரூபாய் மிச்சம். அது ஒரு குடும்பத்துக்குப் பல நாள் பாலும் காய்கறியும்.

5. நான்கு மாதக் கணக்கைச் சரிபார்ப்பது

ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு ரீடிங் எடுத்தபோது நான்கு மாத யூனிட்டையும் கூட்டி, இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனியாகக் கட்டணம் போட்டு, முன்பு கட்டிய தொகையைக் கழித்தார்கள். ஆகவே அப்போது வந்தது பல வீடுகளில் நான்கு மாதக் கணக்கு. இரண்டு மாத பில் என்று எண்ணி அதிர்ச்சியடைய வேண்டியிருக்கவில்லை.

இந்த முறை சரியா என்ற விவாதம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. நம்மைப் பொறுத்தவரை, இது சில வீடுகளுக்கு நஷ்டம், சில வீடுகளுக்கு லாபம். முதல் இரண்டு மாதம் 440, அடுத்த இரண்டு மாதம் 600 என்று ஓடிய வீட்டுக்குத் தனித்தனியே ரீடிங் எடுத்திருந்தால் ரூ.3,390. பாதியாகப் பிரித்து 520, 520 என்று போட்டதில் ரூ.3,824. 434 ரூபாய் நஷ்டம். 400, 560 என்று ஓடிய வீட்டுக்கோ தனித்தனியே ரூ.3,006, பிரித்துப் போட்டதில் 480, 480 ஆகி ரூ.2,140. 866 ரூபாய் லாபம். இங்கும் தீர்மானிப்பது அந்த 500தான்.

அந்த நான்கு மாத பில்லை நீங்களே சரிபார்க்கலாம். அப்போது எடுத்த ரீடிங்கிலிருந்து அட்டையில் கடைசியாக எழுதிய ரீடிங்கைக் கழியுங்கள். வருவதைப் பாதியாக்கி மேலே உள்ள கட்டணப்படி கணக்கிட்டு, இரண்டால் பெருக்கி, இடையில் கட்டிய தொகையைக் கழியுங்கள். விடை பொருந்தவில்லையென்றால் அட்டை, ரசீதுகளோடு உங்கள் பகுதி இ.பி. ஆபீஸில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கு தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது.

6. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம்

நமது பகுதியில் கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம், மீட்டர் ஒன்று என்ற வீடுகள் நிறைய. ஆளுக்கு 300 யூனிட் ஓடினால் மீட்டரில் 600; 2020 கட்டணப்படி பில் ரூ.2,440. தனித்தனி மீட்டர் இருந்தால் அதே கட்டணப்படி ஆளுக்கு ரூ.530 வீதம் ரூ.1,060தான். தனிச் சமையலறையோடு தனிக் குடும்பம் வாழும் பகுதிக்குத் தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பதே நல்லது.

வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஏழு, எட்டு ரூபாய் வாங்கும் வழக்கம் 2020இல் இருந்தது. அந்தக் குடித்தனக்காரருக்கு 100 யூனிட் இலவசம் போய்ச் சேர்வதே இல்லை. வந்த பில்லைக் காட்டி, ஓடிய யூனிட்டின் விகிதத்தில் பிரித்துக்கொள்வதே நியாயம். அளவையில் நேர்மையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். மீட்டரும் ஓர் அளவைதான்.

7. இன்றே தொடங்க வேண்டியவை

- ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள். வாரம் ஒரு நாள், ஜுமுஆவுக்குக் கிளம்பும் முன், மீட்டரில் கே.டபிள்யூ.எச். என்று வரும் எண்ணை எழுதுங்கள். இந்தப் பொறுப்பைப் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள்.
- வாரத்துக்கு 57 யூனிட்டுக்குள் இருந்தால் 60 நாளில் 500ஐத் தாண்ட மாட்டீர்கள். 22க்குள் இருந்தால் 200க்குள் நிற்பீர்கள்.
- பகலில் எல்லோரும் ஓரிரு அறைகளில் சேர்ந்திருங்கள். ஆள் இல்லாத அறையில் ஃபேன் வேண்டாம்.
- பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டரில் வேகம் குறைத்தால் கரண்ட் பெரிதாக மிச்சமாவதில்லை. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மிச்சமாகும். புதிதாக ஃபேன் வாங்குபவர்கள் பி.எல்.டி.சி. வகையைக் கேளுங்கள். விலை கூடினாலும் 30 வாட் அளவில் ஓடும்.
- ஃப்ரிட்ஜைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.
- துணிகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாக இஸ்திரி போடுங்கள்.

சிக்கனம் என்று சொல்லி வயதானவர், நோயாளி, கைக்குழந்தை இருக்கும் அறையின் ஃபேனை நிறுத்திவிடாதீர்கள். குறைக்க வேண்டியது தேவைக்கு மேல் ஓடுவதை மட்டுமே.

பில்லைக் கட்டவே முடியாத நிலையில் இருப்பவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். கந்துவட்டிக்கு வாங்கவும் வேண்டாம். அட்டையோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். முதலில் கணக்கைச் சரிபார்ப்போம், பிறகு இன்ஷா அல்லாஹ் இயன்றதைச் செய்வோம். விவரம் வெளியே போகாது. வசதியுள்ளவர்கள் தங்கள் பக்கத்து வீட்டில் இருட்டில் இருப்பவர் யாரேனும் உண்டா என்று ஒரு தடவை விசாரியுங்கள். கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் நம்மிடையே அதிகம்.

இந்தச் சோதனைக் காலத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்